வெடிக்காவிட்டால் மாற்றித் தரப்படும்

நவம்பர் 16, ஞாயிறு

சரக்கு வந்து இறங்கிவிட்டது. வருடக் கடைசிக்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்று இவர் முணுமுணுத்தார். முந்திக்கொள்ளாவிட்டால் முனைக்கடைக்காரன் அத்தனை வியாபாரத்தையும் வாரிக்கொண்டு போய்விடுவான் என்று நான்தான் பிடித்து உலுக்கினேன். பொம்மை, பலூன், பரிசுத் தாள் எல்லாம் பின் அலமாரிக்குப் போய்விட்டன. முன்னால் முழுக்கப் பட்டாசு. கடைக்குள் கால் வைத்ததும் அந்த மருந்து நெடி. எனக்கு அது பிடிக்கும். சொன்னால் இவர், "இனம் இனத்தோட சேரும். உன் வாயும் சரவெடிதானே" என்கிறார்.

வாசல் பலகையை நானே துடைத்து மாட்டினேன். "வெடிக்காவிட்டால் மாற்றித் தரப்படும்." போன வருடம் என் மண்டையில் உதித்த யோசனை. நமுத்துப்போன வெடி மூன்று கொண்டு வந்தால் ஒரு மத்தாப்புப் பெட்டி. ரசீது வேண்டாம், எங்கே வாங்கினாய் என்ற கேள்வி கிடையாது. முனைக்கடைக்காரன் தள்ளுபடி கொடுக்கட்டும், நான் நாணயம் கொடுக்கிறேன். போன வருடம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என் வாசலில்தான் நின்றார்கள். அவன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் வெடிகளை மேசைக்கடியில் தண்ணீர் வாளியில் போட்டுவிடுவோம். அதில் இவர் ரொம்பக் கண்டிப்பு. "கடைக்குள்ள ஒரு பொறி விழக் கூடாது" என்பார். விழுந்ததில்லை.

நவம்பர் 18

அண்ணி வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை, ஒரு மனுவோடு வந்திருக்கிறார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பட்டாசு விற்கக் கூடாதாம். அடுத்த மாதம் நகரசபையில் எடுக்கிறார்களாம். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்!

"ஒரு பட்டாசுக் கடைக்காரி போடுற கையெழுத்து நூறு பேர் போட்டதுக்குச் சமம்" என்றார்.

"என் கடைய இழுத்து மூட என்கிட்டயே பேனா நீட்டுறீங்களா? நல்லா இருக்கு அண்ணி."

அண்ணி கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே பார்ப்பதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணனுக்குச் சாப்பாட்டோடு பரிமாறுவார். எனக்கும் பரிமாறினார். பாட்டிலுக்குள் வெடி வைத்தவன், கையில் பிடித்து வீசியவன், போதாதென்று சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடியவன். "ஒரு நாள் வார்டுக்கு வந்து பாரு. அப்புறம் பேசு."

"கத்திய வித்தவனா அண்ணி கழுத்த அறுக்கிறான்? பெத்தவங்க எங்க போனாங்க?" என்றேன்.

காப்பியை முடிக்காமலே எழுந்து போய்விட்டார். போகட்டும். நான் என்ன கள்ளச்சாராயமா விற்கிறேன்?

நவம்பர் 23, ஞாயிறு

வியாபாரிகள் சங்கத் தலைவர் கடைக்கே வந்துவிட்டார். நகரசபைக் கூட்டத்தில் கடைக்காரர்கள் சார்பாக நான்தான் பேச வேண்டுமாம். "உங்கள மாதிரி பேச எங்க யாருக்கும் வராதும்மா" என்று உச்சியில் ஐஸ் வைத்தார். உருகிவிட்டேன், வேறென்ன.

பேச வேண்டியதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். தடை போட்டால் சந்துபொந்துகளில் விற்பார்கள். கடையில் விற்றால் தரமான சரக்கு, கண்ணெதிரே விற்பனை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெற்றவர் பொறுப்பு. படித்துக் காட்டினேன். இவர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். இவர் 'தான்' போட்டுப் பேசினால் மனதுக்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கேட்கவில்லை.

நவம்பர் 29

பலகை வேலை செய்கிறது. ஒரே நாளில் எத்தனை வாண்டுகள்! கால்சட்டைப் பையிலிருந்தும் பென்சில் டப்பாவிலிருந்தும் வெடிக்காத வெடிகளை எடுத்துக் கொட்டுகிறார்கள். மண்டபத்தில் கல்யாணம் நடந்தால் போதும், சரவெடி ஓய்ந்த மைதானத்தில் கோழி மாதிரி பொறுக்குகிறார்களாம். யார் அதிகம் பொறுக்குகிறார்களோ அன்றைக்கு அவர்கள்தான் ராஜா என்று என் மகள் சிட்டு சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பக்கத்துக் கடை தையலக்காவின் மகளும் வந்தாள். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அக்காவின் மிஷின் சத்தம் நின்றால் எங்கள் வீட்டில் நேரம் தெரியாது. மகளுக்கு ஒன்பது வயது, பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் வாண்டு. சிட்டுவுக்கு வால் மாதிரி பின்னாலேயே திரிவாள். அக்காவுக்கு நெருப்பென்றால் ஆகாது. வீடெல்லாம் துணி, வீட்டுக்காரர் கப்பல் வேலையில் எங்கோ கடலில், ஒற்றை ஆளாகக் காவல் காக்கிறாள். அதனால் வாண்டுவுக்கு ஒரு கம்பி மத்தாப்புகூட வாங்கித் தந்ததில்லை.

அந்த வாண்டு மூன்று நமுத்த வெடிகளைப் பிஞ்சுக் கையில் வைத்து நீட்டினாள். "உங்கம்மாவுக்குத் தெரியுமாடி?" என்றேன். ஒரு இளிப்பு. எனக்கு மனசு கேட்கவில்லை. மத்தாப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, "எங்க மொட்டை மாடியில வெச்சுக் கொளுத்து, அம்மாகிட்ட சொல்லாத" என்றேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டிசம்பர் 3

மண்டபத்துக் கல்யாணப் பட்டாசு மொத்தமும் நம் கடையில்தான். பெண் வீட்டார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை மாலை. முனைக்கடைக்காரன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது.

டிசம்பர் 6

வாண்டுவுக்கு அடிபட்டுவிட்டது. கண்ணில். எழுத முடியவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும் — சீ, என்ன வார்த்தை.

நேற்று மாலை. மாப்பிள்ளை அழைப்பு, மைதானத்தில் சரம் சரமாகக் கொளுத்தினார்கள். நான் கடையில் இருந்தேன், சத்தத்தைக் கேட்டு நம் சரக்கு எப்படி முழங்குகிறது பார் என்று இவரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஓய்ந்தது. கும்பல் மண்டபத்துக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் ஒரே ஒரு வெடி. ஒன்றே ஒன்று. உடனே பிள்ளைகள் கத்துகிற சத்தம்.

இவர்தான் முதலில் ஓடினார். தூக்கிக்கொண்டு வந்தபோது வாண்டு அழவே இல்லை. வலது கையால் கண்ணைப் பொத்தியிருந்தாள், விரலெல்லாம் ரத்தமும் கரியும். "மாமா, விளக்கப் போடுங்க, இருட்டா இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. பொழுது அப்ப இன்னும் சாயல. ஐயோ, அந்தப் புள்ள! அக்கா செருப்புகூடப் போடாம ஓடி வந்தா. வண்டியில நான்தான் அக்காவைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு யாரு பிடிமானம்?

அண்ணிக்கு நேற்று டியூட்டி. என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. வாண்டுவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வலது கருவிழி கிழிந்திருக்கிறது. தையல் போட்டிருக்கிறார்கள். உள்ளே ரத்தம் கட்டியிருப்பதால் பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாதாம். இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை, இமைதான் வெந்து மூடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும்.

டிசம்பர் 8

ஊரே ஒரே கேள்வியைக் கேட்கிறது. யார் வாங்கிக் கொடுத்தது? யாரும் இல்லை. எந்தக் கடையும் அந்தக் குழந்தைக்கு விற்கவில்லை. கல்யாணக்காரர்கள் கொளுத்தியது, குழந்தை கிட்டே போய்விட்டது.

சங்கத் தலைவர் போன் செய்தார். "பாவம்தான், ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கடையில யாரும் விக்கல. இதையே நீங்க கூட்டத்துல அழுத்திச் சொல்லணும். இந்தத் தடை இருந்திருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்னு கேளுங்க." சரிதானே என்று தோன்றியது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

டிசம்பர் 9

சிட்டுவுக்குக் காய்ச்சல். சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

டிசம்பர் 10

சிட்டு சொல்லிவிட்டாள்.

ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே, "அம்மா, அவ அத நம்ம கடையில மாத்தத்தான் எடுத்தா" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரியவில்லையா, புரிய விடவில்லையா? "ரெண்டு வெச்சிருந்தா. இன்னும் ஒண்ணு வேணும்னா. மூணாவது இன்னும் புகைஞ்சுச்சு, வேற யாராவது எடுத்துடுவாங்கன்னு ஓடினா. நான் வேணாம்னு கத்தினேன்மா."

மூன்றுக்கு ஒன்று. நான் வைத்த கணக்கு.

கடைக்குள் ஒரு பொறி விழக் கூடாது என்று வாளி வைத்தோம், தண்ணீர் ஊற்றினோம். அந்த வெடி மேசைக்கு எப்படி வந்து சேருகிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், யோசித்தோமா? வெடிக்காத வெடி கிட்டே போகாதே என்று ஊர் உலகமெல்லாம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது. நான் போ, எடு, மத்தாப்புத் தருகிறேன் என்று பலகை எழுதிக் கூப்பிட்டிருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் என்பார்கள். எனக்கு நான் வைத்துக்கொண்டிருந்தால் போய்த் தொலைகிறது. அந்தப் பிள்ளைக்கு வைத்தேனே.

இன்னும் ஒன்றை எழுதிவிட வேண்டும். சிட்டு சொல்லி முடித்ததும் நான் என்ன செய்தேன்? அவள் வாயைப் பொத்தினேன். "யார்கிட்டயும் சொல்லாத. பக்கத்து வீட்டுப் பெரியம்மாகிட்ட சொல்லவே சொல்லாத." காய்ச்சல்காரப் பிள்ளையின் வாயை. கை சுட்டது.

டிசம்பர் 11

இவரிடம் சொன்னேன். ஸ்டூலை எடுத்துப்போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார்.

"என்ன பண்றீங்க? இப்பக் கழட்டினா ஊருக்கே தெரிஞ்சிடும்!"

"தெரியட்டும்."

"கூட்டம் முடியட்டும். அதுவரைக்கும் தொங்கட்டும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. பலகையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நானே திரும்ப மாட்டினேன். ஆமாம், மாட்டினேன்.

டிசம்பர் 12

ஒரு அக்காளும் தம்பியும் வந்தார்கள். பள்ளிச் சீருடை. அவன் பையிலிருந்து இரண்டு, அவள் கைக்குட்டையில் ஒன்று. பிடுங்கி வாளியில் போட்டேன். "எங்கடா எடுத்தீங்க? சாகணுமா? கண்ணு போகணுமா?" என்று கத்தினேன்.

அந்தப் பெண் பயப்படவில்லை. விரலை நீட்டி, "மாத்தித் தர்றேன்னு போர்டுல போட்டிருக்கே" என்றாள்.

பலூன் கொடுத்து அனுப்பினேன். கையோடு ஸ்டூலில் ஏறிப் பலகையைக் கழற்றிப் பின் அறையில் போட்டேன். கேட்பவர்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆஸ்பத்திரி. அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். வாண்டு ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள், பாதி முகம் கட்டுக்குள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அத்தை."

"என்னடி கண்ணு?"

"அது வெடிச்சிடுச்சே. இனிமே மாத்த முடியாதுல்ல?"

வாய்க்காரி, ஊருக்கே வக்கீல், போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அவளே, "பரவால்ல, ரெண்டு இருக்கு. என் பழைய கவுன் பையில வெச்சிருக்கேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

அம்மாவிடம் சொல்லாதே என்பதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? நான்தான்.

அக்கா வந்ததும் மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று வீட்டுச் சாவியை வாங்கி வந்து, கவுனைத் தேடி, அந்த இரண்டையும் எடுத்துத் தண்ணீரில் போட்டேன். துணிக் குவியலுக்கு நடுவில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி.

டிசம்பர் 16

இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்கிறார்கள்.

நான் வார்டுக்குள் நுழையும்போது அக்கா வாண்டுவைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவது மட்டுமா? கையில் ஒன்று வைத்தாள். பட்டென்று சத்தம் கேட்டது. எல்லாக் கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் குனிஞ்ச? சொல்லுடி, ஏன் குனிஞ்ச? நெருப்புன்னா நாலடி தள்ளி நிக்கிற புள்ளைக்கு அன்னைக்கு மட்டும் என்ன கேடு? வாயத் தொறக்க மாட்டேங்கிறா பாரேன்!" பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "நான் வளத்த லட்சணம் பாரு. ஒத்த ஆளா வளத்தேன்ல, அதான் இப்படி. அவங்கப்பா போன்ல கேக்குறாரு, நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு. நான் என்ன சொல்ல? உங்க வீட்டுக்காரர் மட்டும் தூக்கலேன்னா..."

அவள் எனக்கு நன்றி சொல்கிறாள். எனக்கு!

வாண்டு அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடி வாங்கியும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கை அந்தப் பிள்ளை காப்பாற்றுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது நான், அடி வாங்குவது அவள்.

இனி தாங்காது.

டிசம்பர் 17

சொல்லிவிட்டேன்.

அக்கா துணி மாற்றிக்கொண்டு போக வீட்டுக்கு வந்திருந்தாள். தையலுக்குக் கொடுத்தவர்கள் நச்சரிக்கிறார்கள் என்று மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டே சொன்னேன். உள்ளே போக எனக்கு என்ன முகம் இருக்கிறது? பலகை, மூன்றுக்கு ஒன்று, போன மாதம் நான் கொடுத்த மத்தாப்புப் பெட்டி, மறைக்கச் சொன்னது, சிட்டு சொன்னது, ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டு இருந்தது. எதையும் விடவில்லை. "உங்க புள்ள மேல தப்பு இல்லக்கா, நான் போட்ட தூண்டில்க்கா அது" என்றேன்.

மிஷின் நிற்கவே இல்லை. துணி முடிந்து வெறும் தகட்டில் ஊசி குத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது.

"மூணுக்கு ஒண்ணா?" என்றாள்.

"ஆமாக்கா."

"போம்மா."

அவ்வளவுதான். கத்தியிருக்கலாம், கத்தரிக்கோலைத் தூக்கி எறிந்திருக்கலாம். "போம்மா" என்றாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

டிசம்பர் 18

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சாப்பாட்டுக் கேரியரைச் சிட்டுவிடம் கொடுத்தனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. நாளைக்குக் கூட்டம். சங்கத் தலைவர் போன் செய்தார். எடுக்கவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

நகரசபைக் கூடத்தில் உட்கார இடமில்லை. அண்ணி முன்வரிசையில், மடியில் மனுக் கட்டு. கடைக்காரர்கள் இந்தப் பக்கம். என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள், கல்யாணப் பெண் மாதிரி. எழுதிக்கொண்டுபோன தாளை நான் பிரிக்கவே இல்லை.

"அடிபட்ட பொண்ணுக்கு எந்தக் கடையும் விக்கலன்னு இங்க சொல்லச் சொன்னாங்க. உண்மைதான், யாரும் விக்கல. நான் மாத்தித் தர்றேன்னு கூப்பிட்டேன்" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சங்கத் தலைவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "என்னம்மா பேசுற, உக்காரு" என்றார். உதறிவிட்டேன்.

நகரசபைத் தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நீங்க தடைக்கு ஆதரவா, எதிர்ப்பா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஆதரவு. ஆனா பத்தாது."

"ஏன்?"

"பதினெட்டு வயசுன்னு நீங்க சட்டம் போட்டாலும் அந்தப் பொண்ணு அன்னைக்குக் குனிஞ்சிருக்கும். அவ வாங்கவே இல்லையே. பெரியவங்க வாங்கினாங்க, பெரியவங்க கொளுத்தினாங்க, வெடிக்காதத அப்படியே போட்டுட்டு விருந்துக்குப் போயிட்டாங்க. கொளுத்தினவங்க தண்ணி ஊத்தி, கூட்டி அள்ளிட்டுப் போகணும். அதையும் சேருங்க. மாத்தித் தர்றத மொதல்ல நிறுத்துங்க."

பின்னாலிருந்து ஒருவர், தடை போட்டால் சந்தில் விற்பான் என்றார். என் வாக்கியம் அது, நான் எழுதியது! "விப்பான். சந்தத் தேடிப் போற புள்ளைங்க பத்து பேருன்னா, பலகையப் பாத்து என் வாசலுக்கு வந்தது நூறு பேரு" என்றேன்.

தீர்மானம் நிறைவேறியது. பதினெட்டுக்குக் கீழே விற்பனை இல்லை. மாற்றித் தருவதும் கூடாது. தண்ணீர் ஊற்றி அள்ளுவதை மட்டும் 'நடைமுறைச் சாத்தியம் ஆராயப்படும்' என்று தள்ளி வைத்துவிட்டார்கள். அள்ளுவதில் என்ன ஆராய்ச்சி? வாளியும் விளக்குமாறும் இருந்தால் போதாதா?

வெளியே வந்ததும் அண்ணி என்னைக் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. "இத மனசுல வெச்சுக்கிட்டா ஒரு வாரமா வார்டுக்கு வந்து போயிட்டு இருந்த?" என்றார்.

"ஆமா அண்ணி."

"எப்படி முடிஞ்சுது உன்னால?"

நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

கடைசி வரிசையில் தையலக்கா உட்கார்ந்திருந்தாள் என்று இவர் இப்போதுதான் சொன்னார். நான் பார்க்கவில்லை. பேசி முடித்ததும் எழுந்து போய்விட்டாளாம்.

டிசம்பர் 21

சங்கத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கடை வாசலில் யாரோ குப்பையைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மிச்சச் சரக்கை எல்லாம் திருப்பி அனுப்பிவிடலாம் என்று இவரிடம் சொன்னேன். "சரி, பலூன் விப்போம். ஊதுறதுக்குத்தான் நீ இருக்கியே" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு கிண்டல். சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

டிசம்பர் 24

கட்டுப் பிரித்துவிட்டார்கள். அண்ணிதான் போனில் சொன்னார். வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, இருட்டுத் தெரிகிறது. அவ்வளவுதான். கையை ஆட்டினால் தெரியவில்லை. இனிமேல் பார்வை தேறவும் தேறாதாம்.

"அவ அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"புள்ளைக்குத் தல வாரி விட்டுக்கிட்டு இருந்தா."

ஒன்பது வயசு. கடவுளே, ஒன்பது வயசு.

ஜனவரி 1

நேற்று ஊரே கொளுத்தித் தீர்த்தது. இன்று விடிந்ததும் விடியாததுமாக நானும் இவரும் வாளியும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். மூலை மூலையாகத் தண்ணீர் ஊற்றிக் கூட்டினோம். வெடிக்காதது மட்டும் அரை வாளி சேர்ந்தது. பொறுக்க வந்த பிள்ளைகள் வேலியோரம் நின்று முறைத்தார்கள். எனக்கு 'வாளி' என்று பட்டப்பெயர் வைத்தாயிற்றாம். "வாளி வருது, வாளி வருது" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 4, ஞாயிறு

இன்று அக்கா பேசினாள்.

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. "நாணயமாம் நாணயம்! ஊரான் வீட்டுப் புள்ளைய நாய்க்கு எலும்பக் காட்டுற மாதிரி காட்டிக் கூப்பிட்டுட்டு நாணயமாம்! அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்ல நீ யாருடி? உன் புள்ளைய அனுப்புவியா அந்த நெருப்புக்கு? அனுப்புவியா?" எனக்குத் தெரியாத வசவுகூட இரண்டு வந்தது. குரல் கட்டிப்போகும் வரைக்கும் திட்டினாள். நான் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இத்தனை நாள் அந்தச் சுவர் மௌனமாக இருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு அதே கோபத்தோடு, "நாளைக்குக் கண்ணாடி போடணும்னு வரச் சொல்லியிருக்காங்க. நல்ல கண்ணுக்கு அடிபடாம இருக்கிறதுக்கு. பஸ்ஸுல கூட்டத்துல இடிப்பாங்க. உன் வீட்டுக்காரர வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு" என்றாள்.

"சரிக்கா" என்றேன்.

"அக்கான்னு கூப்பிடாத" என்றாள்.

ஜனவரி 12, திங்கள்

வாண்டு இன்றுதான் பள்ளிக்கூடம் போனாள். தடித்த கண்ணாடி முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அக்கா தன் வாசலில், நான் என் வாசலில். நடுவில் பேச்சு இல்லை. சிட்டு போய்ப் புத்தகப் பையை வாங்கிக்கொண்டாள். எப்போதும் முன்னால் ஓடுகிறவள், இன்று வாண்டுவின் வலது பக்கமாக, ஒட்டினாற்போல் நடந்தாள். அந்தப் பக்கம் சைக்கிள் வந்தபோது தோளால் லேசாகத் தள்ளி ஒதுக்கினாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் இல்லை.

"பாத்துப் போங்கடி" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

என் கடையைத் தாண்டும்போது வாண்டு நின்றாள். நான் நின்றதும் அந்த வலது பக்கம்தான். முகம் முழுவதையும் திருப்பி, கழுத்தை வளைத்து, சிட்டுவின் தோளுக்கு மேலாக எட்டி என்னைத் தேட வேண்டியிருந்தது அவளுக்கு. கண்டுபிடித்ததும் சிரித்தாள். "அத்தை, டாட்டா" என்றாள்.

நாளையிலிருந்து நான் எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும்.